பந்தியில் சொல்லப்படாதது

உலக நாகரிகத்துக்குத் திருகோணமலை இரண்டு கொடைகளை வழங்கியிருக்கிறது. ஒன்று துறைமுகம். அதை ஆண்டவன் செய்தான். ஆகவே அதில் ஊராருக்குப் பெருமை கொண்டாட ஒன்றுமில்லை. மற்றது, ‘வாசிக்காமலே விளங்கும் முறை’. அதைச் செய்தவர் மூதூர் அபூதாஹிர் சேர். துறைமுகத்துக்காக நாலைந்து வெள்ளைக்கார நாடுகள் கப்பலேறி வந்து அடிபட்டன. சேரின் முறைக்காக இன்றுவரை ஒருவரும் அடிபடவில்லை. மனிதகுலத்தின் ரசனை அவ்வளவுதான்.

அந்த முறை பிறந்த புண்ணிய தலம், துறைமுக வீதியில் வலையும் மிதவையும் விற்கிற ஒரு கடையின் மேல்மாடி. ‘கீழைக்கடல் சர்வதேச வாசிப்பு விளக்க நிலையம்’ என்று சேர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். ஐந்து கதிரை, ஐந்து கணினி, ஒரு மின்விசிறி. பின்னேரம் நாலரைக்கு ஐந்து ஆசிரியர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். அப்போது சீனாவில் ஏழு மணி. வேலை முடிந்து, சாப்பிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, பரீட்சை எழுதப்போகிற சீனர்கள் திரையில் வந்து சேருவார்கள். மேற்படிப்புக்குப் போவதென்றால் அவர்கள் ஆங்கிலத்தில் தேற வேண்டும். ஐயாயிரத்து ஐந்நூறு சொற்கள் மனப்பாடம். நாலு பந்தி வாசிப்பு. ஒவ்வொரு பந்திக்கும் ஐந்து கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை. நாலில் ஒன்றுதான் சரி, மற்ற மூன்றும் வாழ்க்கையைக் கெடுக்கும்.

வாசலில் நாலு மொழியில் பலகை உண்டு. சீன எழுத்துகளைச் சேர் தாமே ஒரு ரைஸ் குக்கர் பெட்டியிலிருந்து தெரிவு செய்தார். ஆறு மாதம் கழிந்தபின் ஒரு மாணவி படத்தில் அதைக் கண்டு, ‘ஈரக் கையால் தொடாதீர்கள்’ என்று எழுதியிருப்பதாக அறிவித்தாள்.

“அதுவும் நல்ல புத்திதானே புள்ள” என்றார் சேர். பலகை இன்றைக்கும் தொங்குகிறது.

இனி, முறை. பந்தியைப் பார்க்கவே கூடாது. அது கண்ணுக்கும் நேரத்துக்கும் கேடு. கேள்வியில் ஒரு பெரிய சொல்லைப் பிடி. அதே சொல் பந்தியில் எங்கே கிடக்கிறது என்று தேடு. அந்த ஒரு வரியை மட்டும் தொட்டுவிட்டு ஓடி வா. ‘ஒருபோதும்’, ‘எல்லாரும்’ என்று அடித்துப் பேசுகிற விடை பிழை. இரண்டு விடை ஒன்றுபோல இருந்தால் நீளமானது சரி. ஒன்றும் தெரியாவிட்டால் ‘சி’. போட்ட விடையைத் திரும்பிப் பார்ப்பது கோழைத்தனம். இந்த முறையால் நூற்றுக்கு எழுபத்தெட்டு மாணவர்கள் சித்தியடைந்தார்கள். என்ன வாசித்தீர்கள் என்று அவர்களைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அப்பழுக்கற்ற வெற்றி.

இப்படிப்பட்ட நிலையத்தில் ஜெஸ்மின் ஒரு கரும்புள்ளி. பட்டம் முடித்து ஆறு வருஷம் அரசாங்க வேலைக்குக் காத்திருந்துவிட்டு வந்தவள். பத்திரிகையிலும் அறிக்கையிலும் இருந்து நானூறு சொல்லில் பந்தி வெட்டி, கேள்வி போடுவது அவள் வேலை. வெட்டுகிறபோது அவள் வாசித்துவிடுவாள். முதலில் சேர் அதை ஒரு பழக்கதோஷம் என்றுதான் நினைத்தார். பிறகுதான் அது தொற்றும் என்று தெரிந்தது.

தொற்றிய இடம், லின் யூ என்கிற மாணவி. ஏதோ ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். முப்பத்தொரு வயது. பரீட்சைக்கு இது மூன்றாவது தடவை. ஒருநாள், ஒரு கிழவியின் நாய் ஸ்டேஷனில் மாறி வேறு ரயிலில் ஏறிப்போன பந்தி. நானூறாவது சொல்லில் ரயில் புறப்படும். அதோடு பந்தி முடியும். ஐந்து கேள்விக்கும் விடை போட்டபின் லின் எழுதினாள்: “டீச்சர், நாய் வீட்டுக்கு வந்ததா?”

ஜெஸ்மினுக்கு அது தெரியாது. அதைவிடக் கேவலம், அவளுக்கும் அது தெரிய வேண்டும்போல் இருந்தது.

பின்னால் நின்ற சேர் குனிந்து பார்த்தார். “கதையின் முடிவு பாடத்திட்டத்துக்கு வெளியே எண்டு செல்லுங்க.”

“பாவம் சேர், கேக்கிறா.”

“கேக்கிறவ பாஸ் பண்ண மாட்டா. எழுதி வையுங்க.”

இந்த நேரத்தில்தான் ‘கரையோர எழிலூட்டல் செயலணி’ என்றொரு அமைப்பு மாவட்டத்தில் தோன்றி அருள்பாலித்தது. பன்னிரண்டு பக்கத்தில், ஆங்கிலத்தில், கரையோரச் சங்கங்களுக்கெல்லாம் ஒரு கடிதம் வந்தது. அட்டையில் கடலுக்குள் சூரியன் மறைகிற அழகான படம். எங்கள் கரை கிழக்குப் பார்த்த கரை. சூரியன் கடலில் உதிக்குமே தவிர மறைந்ததில்லை. அதையும் செயலணி சரிப்படுத்தித் தரும் என்று சனம் நினைத்துக்கொண்டது.

கடிதத்தோடு ஒரு படிவம். பத்துக் கேள்வி, கேள்விக்கு நாலு விடை. படிவத்தை நிரப்பினால் அது ‘மக்கள் கலந்தாலோசனை’. சனத்துக்கு ஆங்கிலம் தெரியாது என்பதைச் செயலணி மறக்கவில்லை. சீனாக்காரரையே ஆங்கிலத்தில் சித்தியடைய வைக்கிற அபூதாஹிர் சேரை ‘வாசிப்பு ஆலோசகர்’ ஆக நியமித்து, கழுத்தில் ஓர் அட்டையும் மாட்டிவிட்டது. குளிக்கிற நேரம் தவிர அந்த அட்டை சேரின் கழுத்தைவிட்டு இறங்கவில்லை.

வியாழக்கிழமை ‘அந்தோனியார் பாடு’ படிவம் நிரப்ப வேண்டிய நாள். கரைவலை வளைத்து இழுக்க உரிமையுள்ள கரைத்துண்டை ‘பாடு’ என்பார்கள். சாம்பல்தீவுக்கு அங்கால், சின்ன அந்தோனியார் சிற்றாலயத்தின் முன்னால், நானூறு மீற்றர் மணல். நாற்பத்து மூன்று குடும்பம் அந்த மணலில்தான் சாப்பிடுகிறது. சங்கத் தலைவர் நிக்கலஸ். அவருடைய ஒரே மகள்தான் ஜெஸ்மின்.

திங்கட்கிழமை பந்தி தட்டுப்பாடு. சேர் அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் ஜெஸ்மினின் மேசையில் போட்டார்.

“நல்ல இங்கிலிசு. நம்மட ஐயாயிரத்து ஐந்நூறு சொல்லுல பாதி இதுல இரிக்கி. ஒரு பந்தி வெட்டுங்க.”

“நீங்கள் வாசிச்சீங்களா சேர்?”

“நான் ஆலோசகர்” என்றார் சேர், அட்டையைத் தொட்டு.

ஜெஸ்மின் ஒன்பதாம் பக்கத்தை வெட்டப்போய் வாசித்தாள். அந்தோனியார் பாட்டில் ஓர் ‘அந்திநேர நடைபாதை’ வரப்போகிறது. நானூறு மீற்றர் நீளம், அறுபத்து நாலு விளக்கு, நீல நிறக் கதிரைகள், ஐஸ்கிறீம் விற்க மூன்று கூடாரம். ‘தற்போதைய பயன்பாட்டாளர்கள் மாற்று அனுபவங்களை நோக்கி ஊக்குவிக்கப்படுவர்.’ பக்கம் முழுக்கத் தேடியும் ‘மீனவர்’ என்ற சொல் இல்லை. ‘தற்போதைய பயன்பாட்டாளர்’ என்றால் தன்னுடைய அப்பா என்று அவளுக்கு விளங்க இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது. விளங்கியதும் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சேரிடம் போனாள்.

“சேர், இது எங்கட கரையை எடுக்கிற கடிதம். வியாழக்கிழமை அந்தப் படிவத்தில புள்ளடி போட்டால், சனம் தானாக எழும்பிப் போக ஒத்துக்கொண்ட மாதிரி.”

சேர் உண்மையிலேயே கவலைப்பட்டார். “ஜெஸ்மின் புள்ள, நான் எத்தின தரம் செல்லியிரிக்கன்? நீங்க தேவையில்லாமப் பந்திய வாசிக்கிறீங்க.”

வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் சொன்னாள். நிக்கலஸ் வலையில் கிழிந்த கண் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“சேர் வந்து சொல்லித் தருவார் பிள்ளை. எல்லாத்துக்கும் சீ எண்டு போட்டால் சரியாம்.”

“அப்பா, நான் வாசிச்சனான்.”

“நீ வாசிச்சனி. அவர் சீனாக்காரரைப் பாஸ் பண்ண வைக்கிறவர்.”

வீட்டுப் பிள்ளையின் ஆங்கிலத்தை நம்புகிற தகப்பன் இன்னும் பிறக்கவில்லை. ஜெஸ்மின் அன்றைக்குச் சோறு தின்னாமலே எழும்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பந்தியையே வகுப்பில் போட்டாள். கோபத்தில் போட்ட கேள்வி ஒன்றே ஒன்று: ‘பந்தியில் சொல்லப்படாதது எது?’ ஏ: நடைபாதையின் நீளம். பி: விளக்குகளின் எண்ணிக்கை. சி: கதிரைகளின் நிறம். டி: ஐஸ்கிறீம் கூடாரங்கள். கையும் மனமும் ஓரிடத்தில் இல்லாததால், நாலும் பந்தியில் சொல்லப்பட்டவை என்பதை அவள் கவனிக்கவில்லை.

நாற்பது மாணவர்கள். பன்னிரண்டு வினாடியில் முப்பத்தொன்பது பேர் ‘சி’ போட்டுவிட்டார்கள். சேரின் முகம் பூரித்தது. ஒருத்தி மட்டும் விடை போடவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் போனது. பிறகு திரையில் எழுத்து வந்தது.

“டீச்சர், நாலும் பந்தியில் இருக்கின்றன. இல்லாதது வேறு. இப்போது அந்தக் கரையில் இருக்கிற ஆட்கள் எங்கே போவார்கள்? அது சொல்லப்படவில்லை. அதற்குப் பெட்டி இல்லாதபடியால் ஐந்தாவது பெட்டி ஒன்று கீறி எழுதியிருக்கிறேன்.”

“லின் யூவுக்குப் பிழை போடுங்க” என்றார் சேர்.

“அவ சொன்னது சரி, சேர்.”

“சரியா இரிக்கலாம். நாலுல இல்லியே. பிழை போடுங்க.”

ஜெஸ்மின் பிழை போட்டாள். உடனே லின் இன்னொன்று எழுதினாள்: “இது உண்மையான இடமா?”

“இல்லை. பயிற்சிக்கு மட்டும்” என்று ஜெஸ்மின் அடித்து அனுப்பினாள். அனுப்பிய கையோடு அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன்னைத் தவிர, தன்னுடைய ஊர்ப் பந்தியை முழுதாக வாசித்த ஒரே ஒரு சீவன், கடலுக்கு அப்பால் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருக்கிறாள். அவளுக்கும் பிழை போட்டாயிற்று.

வியாழக்கிழமை ஜெஸ்மின் லீவு போட்டுவிட்டுச் சங்கக் கொட்டிலுக்குப் போனாள். செயலணியின் பிரதிப் பணிப்பாளர் கமலாதேவி மெடம் பெரிய ஜீப்பில் வந்து, மணல்வரைக்கும் இறங்கி, ஏழு நிமிஷம் உரையாற்றினார். ‘உங்களுடைய கருத்துத்தான் எங்களுக்கு வேதவாக்கு’ என்றார். நிக்கலஸுக்குக் கை கொடுத்தார். படம் எடுத்தார்கள். அன்றைக்கு மட்டும் ஐந்து கரையின் வேதவாக்கைச் சேர்க்க வேண்டியிருந்ததால், உடனே புறப்பட்டார்.

ஜீப் புறப்படவில்லை. பின் சில்லு இரண்டும் மணலில் புதைந்துவிட்டன.

அபூதாஹிர் சேர் ஓடிவந்தார். “ஆக்களே, ஒருக்கா வந்து தள்ளுங்க.”

“படிவம் நிரப்பிறம் சேர்” என்றார் நிக்கலஸ், உள்ளேயிருந்து, மிகுந்த மரியாதையோடு. “நீங்கள்தானே சொன்னீங்கள், விடை போடேக்க வேறை யோசினை கூடாதெண்டு.”

சேரும் சாரதியும் சில்லுக்கடியில் தென்னோலை வைத்தார்கள், பலகை வைத்தார்கள், மெடத்தின் கோப்பு ஒன்றையும் வைத்தார்கள். அந்த இருபது நிமிஷந்தான் ஜெஸ்மினுக்குக் கிடைத்தது. அவள் கதிரையில் ஏறி நின்று ஏழாம் கேள்வியைத் தமிழில் வாசித்தாள்.

“கேளுங்கோ. ‘இந்தக் கரையை விட்டு நகர்வது பற்றி உங்கள் கருத்து என்ன?’ ஏ, ‘மகிழ்ச்சியோடு உடன்படுகிறேன்.’ பி, ‘முழுமனதோடு உடன்படுகிறேன்.’ சி, ‘எதிர்காலச் சந்ததியின் நலன் கருதி, நீண்டகால நோக்கில், உடன்படுகிறேன்.’ டி, ‘உடன்படுகிறேன்.’”

பாதிப் பேர் ஏற்கெனவே பேனையை ‘சி’க்கு மேலே தூக்கி வைத்திருந்தார்கள்.

“நகரிறதெண்டால்?” என்று ஒருவர் கேட்டார்.

“வலை, வள்ளம், கொட்டில், எல்லாம் எடுத்துக்கொண்டு போறது.”

“எங்க?”

“அது இதில இல்லை.”

நிக்கலஸ் படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மாட்டன் எண்டதுக்கு எங்க பிள்ளை பெட்டி?”

“இல்லை, அப்பா.”

அவர் மகளை ஒரு கணம் பார்த்தார். நம்பாமல் விட்டதற்கு மன்னிப்பெல்லாம் அவருக்குக் கேட்கத் தெரியாது. “அப்ப நாங்கள் ஒண்டு கீறுவம்” என்றார்.

அப்போது ஜெஸ்மினுக்கு லின் கீறிய பெட்டி ஞாபகம் வந்தது. வலைக்கண் அளக்கிற பலகைத் துண்டை வைத்து, ‘டி’க்குக் கீழே நேராக ஐந்தாவது பெட்டி கீறினார்கள். நாற்பத்து மூன்று படிவத்திலும், ஏழாம் கேள்விக்கு ஒரே விடை: ‘ஏலாது. நாங்கள் இந்தக் கரையிலேயே இருப்போம். வலையும் இங்கேதான் இழுப்போம்.’ அதற்கும் பக்கத்தில் ஒழுங்காகப் புள்ளடி போட்டார்கள்.

பிறகு எல்லாருமாக வெளியே வந்து, கரைவலைக் கயிற்றை ஜீப்பில் மாட்டி, இரண்டு வரிசையாக நின்று, மீன் நிறைந்த வலையின் மடியை இழுக்கிற மாதிரி மெடத்தை இழுத்துக் கரையேற்றினார்கள். சேர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். படிவங்களை எண்ணாமல், பார்க்காமல், உறையில் போட்டு அரக்கு வைத்தார். போட்ட விடையைத் திரும்பிப் பார்ப்பது கோழைத்தனம் அல்லவா?

நாலரை மாதம் சென்றது. செயலணியின் ‘இறுதி அறிக்கை’ வெளியானது. நூற்று நாற்பது பக்கம், வழவழ தாள், அதே மறைகிற சூரியன். இதற்கிடையில் லின் பரீட்சை எழுதிவிட்டு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். கடைசிப் பந்திக்கு நேரம் போதவில்லையாம். மூன்றாவது பந்தி தேனீக்களைப் பற்றியது, அதை முழுக்க வாசித்துவிட்டாளாம். ‘ஆனால் டீச்சர், பந்தி நன்றாக இருந்தது.’

அறிக்கையையும் சேர் பந்தி வெட்டுவதற்காக ஜெஸ்மினிடமே கொடுத்தார். முதல் பக்கத்தில் ‘மக்களின் திருப்தி: நூற்றுக்கு நூறு’ என்று இருந்தது. படிவங்களை எண்ணுமுன்பே அச்சடித்த பக்கம் அது. ஜெஸ்மின் அறிக்கையை மூடப்போனாள். ஆனாலும் கெட்ட பழக்கம் விடவில்லை. அவள் தொடர்ந்து வாசித்தாள். அறுபத்தோராம் பக்கத்தில் அந்தோனியார் பாட்டுக்குரிய இணைப்பு நாலு. கொழும்பில் யாரோ ஒரு புண்ணியவான், வந்த படிவங்களையெல்லாம் வந்தபடியே சின்னதாகப் படம்பிடித்து ஒட்டியிருந்தான். நாற்பத்து மூன்று ஐந்தாவது பெட்டி. நாற்பத்து மூன்று ‘ஏலாது’. கீழே, எல்லா இணைப்புக்கும் பொதுவாக முன்கூட்டியே அச்சிட்ட வாசகம்: ‘இக்கரையோர மக்களின் விடைகளைச் செயலணி எவ்வித மாற்றமுமின்றி, முழுமையாக, மனமுவந்து ஏற்றுக்கொள்கிறது.’ அதற்குக் கீழே ஏழு அதிகாரிகளின் கையெழுத்து, ஏழு முத்திரை.

அடுத்தநாள் தகப்பனும் மகளும் செயலணிக் காரியாலயத்துக்குப் போனார்கள். கமலாதேவி மெடம் அறுபத்தோராம் பக்கத்தை முதன்முதலாகப் பார்த்தார்.

“இது எங்கட அறிக்கையா?”

“ஓம் மெடம். மூண்டாவது கையெழுத்து உங்கட.”

“இதை ஒருத்தரும் வாசிக்கேல்லையா?”

“நான் வாசிச்சனான் மெடம்” என்றாள் ஜெஸ்மின்.

மெடம் மற்ற ஆறு கையெழுத்தையும் விரலால் தொட்டு எண்ணினார். பிழையென்று அறிவிப்பதென்றால், ஏழு அதிகாரிகளும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்கள் என்று எழுத வேண்டும். அந்தக் கடிதத்துக்கும் அதே ஏழு பேர் கையெழுத்து வைக்க வேண்டும். அதை மட்டும் அவர்கள் வாசித்துவிடுவார்களே. ஆகவே அறுபத்தோராம் பக்கம் அரசாங்கத்தின் கொள்கையாக நிலைபெற்றது.

வெளியே வந்து நிக்கலஸ் வெற்றிலையைப் போட்டார். “நல்ல காலம் பிள்ளை, அவங்கள் ஒருத்தரும் வாசிக்கேல்லை. வாசிச்சிருந்தால் கிழிச்சு எறிஞ்சிருப்பாங்கள்.”

ஆனால் அறுபத்து நாலு விளக்கும் நீலக் கதிரைகளும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டன. எங்காவது ஒரு கரை எழில்பெற்றே ஆக வேண்டும். செயலணி அறிக்கையைப் புரட்டி, எல்லாரும் ஒழுங்காக ‘சி’ போட்ட கரை ஒன்றைத் தேடி எடுத்தது. அது மூதூர்ப் பக்கம் இருந்தது. முப்பது படிவம், முப்பதும் ‘சி’, நிரப்பி முடிக்க ஒன்பது நிமிஷம். மாவட்டத்திலேயே அதுதான் சாதனை. அந்தச் சாதனையைச் செய்வித்தவர் அபூதாஹிர் சேர். அந்தக் கரையில்தான் அவருடைய மச்சான் ஸுஹைரின் ஆறு படகும் கட்டிக் கிடக்கின்றன.

சனிக்கிழமை, வகுப்பு இல்லாத பின்னேரம், சேர் மேல்மாடிக்கு வந்தார். கழுத்தில் அட்டை இல்லை. கையில் மச்சானின் கரைக்கு வந்த அதே பன்னிரண்டு பக்கக் கடிதம் இருந்தது. ஜெஸ்மினுக்கு எதிரே, மாணவர்கள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்.

“புள்ள, இத எனக்கு ஒருக்கா வாசிச்சிக் காட்டுங்க. முழுசா.”

ஜெஸ்மின் முதலாம் பக்கத்திலிருந்து வாசித்தாள். நின்று நின்று, தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். ஒரு மணித்தியாலம் எடுத்தது. சேர் ஒரு தரங்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் பக்கம் முடிந்து அவள் கடிதத்தை மடித்தபோது, அவர் இன்னும் ஏதோ இருக்கிறது என்று காத்திருந்தார்.

“அப்ப அந்த ஆக்கள் எங்க போறது?” என்று கேட்டார்.

“அது பந்தியில இல்லை, சேர்” என்றாள் ஜெஸ்மின். “அதைத்தான் லின் அண்டைக்குக் கேட்டவ. நீங்கள்தான் பிழை போடச் சொன்னீங்கள்.”